பித்தப்பைக் கல் என்று சொல்லாதே

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எனக்கு வயது 34, எடை 118 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். நாலு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை, முழங்கால் வலி, ராத்திரி குறட்டையில் மூச்சு நின்று நின்று வருகிறது. கோவையில் பார்த்த டாக்டர் எடைக் குறைப்பு ஆபரேஷனைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார். வயிற்றை வெட்டிச் சிறிதாக்குகிற ஸ்லீவ் நல்லதா, வயிற்றைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கிற பைபாஸ் நல்லதா? இல்லை, இப்போது வந்திருக்கிற, பசியைக் குறைக்கிற வாராந்திர ஊசியே போதுமா? உங்களுக்கு ஆபரேஷன் ஆனதை ஒரு கட்டுரையில் ஒற்றை வரியில் சொல்லியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். வீட்டில் கணவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறோம். மன உறுதி இல்லாதவர்கள் போகிற குறுக்கு வழி இது என்று எனக்கே உறுத்துகிறது. தங்கையாக நினைத்துப் பதில் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தங்கை என்று சொல்லிவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

ஸ்லீவா பைபாஸா என்பதை என்னிடம் கேட்காதே. எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு உன் டாக்டர் சொல்ல வேண்டியது அது. நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்தால் ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம், சர்க்கரை ரொம்ப நாளாக இருந்தால் பைபாஸ் பக்கம் சாய்வார்கள், எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். ஊசி வேலை செய்கிறது, ஆனால் நிறுத்தினால் இறங்கிய எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது, அதையும் அவரிடமே பேசு. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நீ எழுதவே இல்லை. இருந்தால் முதலில் அதைச் சொல், ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம், ஒன்றரை வருடம் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

எனக்குக் கோபம் வந்தது பித்தப்பையைப் படித்தபோது. எடை மளமளவென்று இறங்கும்போது பித்தப்பையில் கல் வருவது அடிக்கடி நடக்கிற விஷயம், தெரியுமா உனக்கு? ஆறாவது மாதம் நடுராத்திரியில் விலாவுக்குக் கீழே வலி பிடுங்குகிறது, உன் கணவர் வெளியூரில் இருக்கிறார், மாமியார்தான் ஆட்டோ பிடித்து உன்னைக் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள். அங்கே இருக்கிற டாக்டரிடம் அந்த அம்மா என்ன சொல்வார்? 'பித்தப்பையை ஏற்கனவே எடுத்தாச்சு டாக்டர்' என்பார். வயிற்றில் தழும்பும் இருக்கும். படித்த பெண்தானே நீ, இப்படியா யோசிப்பது?

அப்புறம் தினசரி வாழ்க்கை. பி12, இரும்புச்சத்து, கால்சியம் என்று மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு, அதையெல்லாம் எந்த டப்பாவில் ஒளித்து வைப்பாய்? நாலாவது மாதம் குளியலறைச் சல்லடையில் கொத்துக் கொத்தாக முடி கிடக்கும். அது திரும்ப முளைத்துவிடும், பயப்படாதே, ஆனால் பார்க்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். கல்யாணப் பந்தியில் இலையில் வைத்ததை அப்படியே மூடினால், சமைத்தவர்களை அவமதித்தாய் என்றுதான் சொல்வார்கள்.

சரி, இதெல்லாம் நீயாகச் சமாளித்துக்கொள்வாய் என்றே வைத்துக்கொள்வோம். நான் சொல்ல வந்தது வேறு. பல வருடமாக எனக்குள்ளே ஓடிக்கொண்டிருப்பது, உன் கடிதத்தைப் பார்த்ததும் இனி எழுதிவிட வேண்டியதுதான் என்று தோன்றியது.

2017இல் எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆனது. அப்போது 121 கிலோ. வயிற்றில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு ஒரு வாழைப்பழம் போல மீதியை விட்டுவைப்பார்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரம், இருமல் மருந்தோடு தருகிற பிளாஸ்டிக் மூடி இருக்கிறதே, அதில்தான் அம்மா எனக்குப் பருப்புத் தண்ணீர் கொடுத்தார். வேட்டித் துணியில் வடிகட்டி, 30 மில்லி கோட்டில் கண்ணை வைத்து ஊற்றுவார், கால் மணிக்கு ஒரு தடவை. நாற்பது வருடம் என் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்த கை அது. மூடியை நீட்டும்போது அந்தக் கை நடுங்கியது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும், ஆனால் நான் டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி ஒரு மாதம் மெடிக்கல் லீவ் எடுத்திருந்தேன். உன்னைத் திட்டும் உரிமை எனக்கு அதிலிருந்துதான் வருகிறது.

ஆறு மாதத்தில் முப்பது கிலோ இறங்கிவிட்டது. ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் கேட்டார்கள். காலையில் ஐந்து கிலோமீட்டர் நடை, ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டேன், மதியம் கம்பங்கூழ் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம் போல ஆகிவிட்டது. கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார், என்னைவிட நாலு வயது சின்னவர், ஏறக்குறைய என் பழைய எடை. அவர் மட்டும் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், கூழில் மோர் எவ்வளவு என்றெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். நானும் சொன்னேன்.

அடுத்த நாளிலிருந்து விடிகாலை ஐந்து மணிக்குப் பள்ளி மைதானத்தைச் சுற்றினார். ராத்திரி பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார். மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது, வருடம் முடிவதற்குள் ஒன்பது கிலோ ஏறியது. ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "உங்களுக்கு இருக்கிற வைராக்கியம் எனக்கு இல்ல டீச்சர். என் பொறப்பு அப்படி."

நான் பேசாமல் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

எனக்கு ஏது வைராக்கியம்? பசியைக் கிளப்பிவிடுகிற கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் வயிற்றின் மேல்பகுதியிலிருந்து வருகிறது, 1999இல் ஜப்பானில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஸ்லீவில் வெட்டி எடுப்பது அந்தப் பகுதியைத்தான். பட்டினி கிடந்து இளைத்தவர்களுக்கோ அது முன்பைவிடக் கூடுதலாகச் சுரக்கிறது என்று 2002இலேயே எழுதிவிட்டார்கள். அதாவது அந்த டீச்சர் ராத்திரி புரண்டு புரண்டு படுத்தபோது அவருடைய உடம்பு முன்பைவிடப் பெரிய பசியைக் கிளப்பிக்கொண்டிருந்தது, நான் பசியே தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டிக்காக வெறித்தனமாக இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள், 2016இல் அது வெளிவந்தது. பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. அவர்கள் உடம்போ இருக்க வேண்டியதைவிடத் தினமும் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைந்திருந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் எடை பதினைந்து வருடம் வரை சராசரியாக இரண்டு சதவீதம்கூட மாறவில்லை. உனக்கு எத்தனை பேர் எத்தனை தடவை 'வாயைக் கட்டு' என்று சொல்லியிருப்பார்கள், அதெல்லாம் இந்த இரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. குறுக்கு வழி என்று எழுதியிருக்கிறாயே, ஆபரேஷனுக்கு முன்னால் பதினைந்து நாள் திரவ உணவு, அப்புறம் ஒரு மாதம் கூழும் மசியலும், அப்புறம் ஒரு இட்லியை அரை மணி நேரம் மென்று தின்பது, ஆயுசுக்கும் ரத்தப் பரிசோதனை, இதில் எது குறுக்கு? அந்த வார்த்தையை இனி எழுதாதே.

2019 அரையாண்டுத் தேர்வுப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த ஒரு மதியம், ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். சொல்லிவிட்டேன். சுடிதாரை விலக்கித் தழும்பைக் காட்டினேன். அவர் சிவப்பு மைப் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"அப்ப நான் ராத்திரி ராத்திரி கெடந்தது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் பொண்ணுகிட்ட உங்களத்தான் காட்டிச் சொல்லிட்டு இருந்தேன். டீச்சரப் பாரு, கத்துக்கோன்னு. அவளுக்கும் என் உடம்பு" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது பதிமூன்று வயது. நான் சொன்ன பொய் அந்தப் பெண்ணின் தட்டுவரை போயிருந்தது. அடுத்த ஜூனில் அவருக்கு வேறு ஊருக்கு மாறுதல் கிடைத்தது. போன் செய்து பார்த்தேன், எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

ஊருக்கெல்லாம் தண்டோரா போடச் சொல்லவில்லை. வீட்டில் சொல். ஆபரேஷனுக்குப் பிறகு உன்னைப் போலவே இருக்கிற ஒரு பெண் வந்து, 'எப்படிக் குறைச்சீங்க?' என்று கேட்டால் அவளிடம் சொல். மற்றவர்களுக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து எல்லாரும் சாய்ந்திருக்கும்போது, மாமியார் பக்கத்தில் போய் உட்கார். ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போ. முதலில் அழுவார், 'ஆபரேஷன் டேபிள்லயே யாரோ செத்துப்போனாங்களாம்' என்பார், பேசி முடிக்கட்டும். எண்டோஸ்கோப்பி முடிந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா