குரூப் வந்துடுச்சு சரி, எந்தத் தேதி குரூப்? (வாசகர் கடிதம்)

அண்ணா வணக்கம். நீங்க ஸ்டோரேஜ் பத்தி எழுதுறதெல்லாம் விடாம படிக்கிறேன். போன வாரம் எங்க டேட்டாபேஸ் சர்வர்ல ஒரு ஸ்டோரேஜ் வேலை முடிஞ்சு ரீபூட் ஆனப்புறம் வெரிடாஸ் டிஸ்க் குரூப் (பல டிஸ்க்கை ஒண்ணா சேர்த்து, வால்யூம்னு துண்டு துண்டா பிரிச்சுத் தர்ற தொகுப்பு) இம்போர்ட் ஆகல, அதாவது சர்வர் அதை எடுத்துக்கல. செல்லுபடியாகுற கான்ஃபிகரேஷன் காப்பி எதுவும் இல்லன்னு எரர். டீம்ல ஒருத்தர் டிஸ்க்கை எல்லாம் இனிஷியலைஸ் பண்ணி (பழைய அமைப்பை அழிச்சு) புதுசா குரூப் போட்டுடலாம்னார், நான் விடல. பேக்கப்ல இருந்து குரூப் அமைப்பைத் திருப்பிக் கொண்டுவர்ற விஎக்ஸ்கான்ஃபிக்ரெஸ்டோர் கமாண்டை மைனஸ் பி-யோட அடிச்சேன், முடிஞ்ச உடனே மைனஸ் சி. குரூப் வந்துடுச்சு. ஒரே ஒரு வால்யூம் மட்டும் மவுண்ட் ஆகல, ஃபைல்சிஸ்டத்தை சரிபாக்குற எஃப்எஸ்சிகே போட்டா வரிசையா எரர். அப்புறம்தான் கவனிச்சேன், பேக்கப் ஃபைலோட தேதி நாலு மாசம் பழசு, சர்வரோட சொந்த ரூட் டிஸ்க் ஃபுல்லா இருந்ததால புதுசு எழுதல போல. மைனஸ் என் போட்டிருக்கணுமா? ரூட்டை அடைக்கிற அந்த பேக்கப் டீமனை (பின்னணியில தானா ஓடி பேக்கப் எடுக்குற புரோகிராம்) நிறுத்திடலாமா? பேசாம லினக்ஸ்ல இதே வேலையைச் செய்யுற எல்விஎம்முக்கு மாறிடலாமா? பேர் போட வேண்டாம்ணா.

தம்பி,

இனிஷியலைஸ் பண்ண விடல பாரு, அதுக்கு முதல்ல உன்னைக் கட்டிப்பிடிச்சுக்கணும் போல இருக்கு. அந்த நேரத்துல, பின்னாடி நாலு பேர் நின்னுக்கிட்டு எப்ப வரும் எப்ப வரும்னு கேக்கறப்ப, வேண்டாம்னு சொல்ல நிஜமாவே தைரியம் வேணும். நிலம் அங்கயேதான் இருக்கு, பத்திரம்தான் காணாம போச்சு, அதுக்காக யாராவது நிலத்தை உழுது போடுவாங்களா? ஒவ்வொரு டிஸ்க்லயும் பிரைவேட் ரீஜன்னு ஒரு சின்ன இடம், எந்த வால்யூம் எந்த டிஸ்க்ல எந்த இடத்துல ஆரம்பிக்குது எவ்வளவு நீளம்னு அதுலதான் இருக்கும், டேட்டா இருக்கறது பப்ளிக் ரீஜன்ல. உனக்கு போனது முன்னது மட்டும்தான்.

ஆனா அடுத்து நீ பண்ணினதுக்கு திட்டத்தான் போறேன், கேட்டுக்கோ. மைனஸ் பி முடிஞ்ச உடனே மைனஸ் சி! ஏன்டா தம்பி அதை ரெண்டு கமாண்டா பிரிச்சு வச்சிருக்காங்க? ஒரே வேலைன்னா ஒரே கமாண்டா குடுத்திருக்க மாட்டாங்களா? மைனஸ் சி-தான் கமிட், உறுதி பண்றது; மைனஸ் பி வந்து அதுக்கு முந்தின ப்ரீகமிட், அந்த நிலையில நின்னு விஎக்ஸ்பிரிண்ட் போட்டா வரப்போற குரூப் எப்படி இருக்கும்னு முழுசா காட்டும், புடிக்கலன்னா மைனஸ் டி (சின்ன டி) அடிச்சு விட்டுட்டு வந்துடலாம், அதுவரைக்கும் குரூப் கான்ஃபிகரேஷன்ல நிரந்தரமா எதுவும் மாறல. அந்த இடம் நீ உக்காந்து படிக்கறதுக்காகவே இருக்கு, அதை நீ என்டர் தட்டித் தாண்டிப் போயிட்ட. அதுக்கும் முன்னாடியே கூட பாக்கலாம், ஈடிசி-க்குள்ள விஎக்ஸ், சிபிஆர், பிகே-ன்னு போனா குரூப் பேர்ல ஒரு டைரக்டரி இருக்கும், அதுக்குள்ள இருக்குற சிஎஃப்ஜிரெக் ஃபைலை அப்படியே விஎக்ஸ்பிரிண்ட் மைனஸ் டி (இது பெரிய டி)-க்கு பைப் பண்ணினா குரூப்பை தொடாமயே பேக்கப்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சுடும். தேதியும் அப்பவே கண்ணுல பட்டிருக்கும்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல இதே மாதிரி ஆச்சு, ஒரே எல்யூஎன்னை (ஸ்டோரேஜ் பெட்டி சர்வருக்கு டிஸ்க்கா காட்டுற இடம்) ரெண்டு சர்வருக்குக் காட்டி வச்சுட்டாங்க, இன்னொரு சர்வர்ல ஓஎஸ் போட்டவங்க இங்க இருந்த ஹெடரை (டிஸ்க் எந்த குரூப்னு சொல்ற தகவல்) எல்லாம் மேல எழுதிட்டாங்க. எங்க டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க, ரொம்ப சீனியர், அவங்கதான் கீபோர்டுல. ப்ரீகமிட் வரைக்கும் போனாங்க, கைய எடுத்துட்டாங்க. ஒவ்வொரு வால்யூமா பேரும் நீளமும் சத்தமா படிக்கறாங்க, நான் மானிட்டரிங்ல கடைசியா பதிவான ஃபைல்சிஸ்டம் சைஸோட ஒப்பிட்டு சரி சரின்னு சொல்லணும், செக்டார் கணக்குல இருக்கும் அதை ஜிபிக்கு மாத்தி மாத்தி சொல்லணும். மேனேஜர் வந்து நிக்கறார், அக்கா திரும்பிக் கூட பாக்கல, அடுத்தது சொல்லுன்னாங்க. ஒரு வால்யூம் இடிச்சுது, பேக்கப்ல இருக்குற நீளம் ஃபைல்சிஸ்டத்தை விட சின்னது. மைனஸ் டி அடிச்சு வெளிய வந்துட்டாங்க. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுது, இவ்வளவு தூரம் வந்துட்டு ஏன்க்கா விட்டுட்டீங்கன்னு கேட்டேன். குரூப் கடைசியா எந்த நோட்ல இம்போர்ட் ஆகி இருந்துச்சோ அங்க போய் பாருன்னாங்க. அது ஒரு கிளஸ்டர், ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு எடுத்துக்குற சர்வர் கூட்டம், ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட், கான்ஃபிகரேஷன் பேக்கப் அந்தந்த சர்வரோட சொந்த டிஸ்க்லதான் எழுதப்படும், வால்யூமை பெருசு பண்ணினது பக்கத்து நோட்ல இருந்தப்ப, அதனால புது பேக்கப் அங்க இருந்துச்சு. அதை எடுத்துட்டு வந்து மறுபடி ப்ரீகமிட், மறுபடி முதல்ல இருந்து வாசிப்பு, எல்லாம் சரின்னதும்தான் கமிட். அன்னைக்கு ராத்திரி அவங்க காட்டின பொறுமை மேல எனக்கு இன்னைக்கும் அவ்வளவு மரியாதை, உன் லெட்டர் வரும்போது கூட நான் அதைத்தான் எழுதணும்னு நெனச்சுட்டு இருந்தேன்.

உன் வால்யூமுக்கும் அதே கதைதான்னு நினைக்கிறேன். நாலு மாசத்துல யாரோ அதை பெருசு பண்ணியிருக்காங்க, நீ நாலு மாசம் முன்னாடி இருந்த நீளத்தைத் திருப்பி வச்சுட்ட, ஃபைல்சிஸ்டம் தன்னை பெருசுன்னு நினைக்குது, கீழ வால்யூம் பாதியில முடிஞ்சுடுது. எஃப்எஸ்சிகே அலறாம என்ன பண்ணும்? தயவுசெஞ்சு சொல்லு, மைனஸ் ஒய் போட்டியா? வாலை வெட்டின வால்யூம் மேல எல்லாத்துக்கும் எஸ்னு சொல்லி எஃப்எஸ்சிகே ஓட்டினா, கண்ணுக்கு எட்டாத இடத்துல இருக்குற ஃபைலை எல்லாம் கெட்டுப்போச்சுன்னு அதுவே கழிச்சுடும், அப்புறம் மேப் சரியானாலும் பிரயோஜனம் இல்ல. போடலன்னா வால் இன்னும் டிஸ்க்லதான் இருக்கு, ஒரே ஒரு கண்டிஷன், அந்த குரூப்ல இப்ப காலியா தெரியுற இடத்துல யாரும் புது வால்யூம் போடக்கூடாது, இருக்குறதை பெருசு பண்ணவும் கூடாது. இப்பவே டீமுக்கு மெயில் போடு.

அப்புறம் தேடு. வெரிடாஸ்ல ஓட்டின கமாண்டை எல்லாம் சிஎம்டிலாக்னு ஒரு ஃபைல்ல பதிஞ்சு வச்சிருக்கும், அதுல விஎக்ஸ்ரீசைஸ் இல்ல விஎக்ஸ்அசிஸ்ட் குரோன்னு தேடு, எப்ப எவ்வளவு வளத்தாங்கன்னு கிடைக்கும். கிளஸ்டரா இருந்தா பக்கத்து நோட்ல பேக்கப் இருக்கான்னு பாரு. அந்த நாலு மாசத்துல சப்போர்ட்டுக்கு யாராவது விஎக்ஸ்பிரிண்ட் அவுட்புட் எடுத்து அனுப்பியிருந்தா அது தங்கம், எந்த டிஸ்க்ல எந்த ஆஃப்செட்ல (டிஸ்க்ல எந்த இடத்துல இருந்து) வளந்துச்சுன்னு அதுலயே இருக்கும். அந்த ஆஃப்செட் கையில இல்லாம சும்மா வளத்துப் பாக்கலாம்னு இறங்காத, முன்னாடி எடுத்த அதே இடத்தையே எடுக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

மைனஸ் என் பத்தி கேட்ட. ஹெடர் கெட்டுப்போன டிஸ்க்ல ஹெடரை திருப்பிப் போடாதேன்னு சொல்றதுதான் அது, உன் பிரச்சனைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. எல்விஎம்? மாறணும்னா மாறு, அங்கயும் இதே கண்ணு வேணும். ஈடிசி எல்விஎம் ஆர்க்கைவ்ல பழைய மெட்டாடேட்டா எல்லாம் சாதா டெக்ஸ்டா கிடக்கும், எந்த கமாண்ட் ஓடறதுக்கு முன்னாடி எடுத்ததுன்னு ஃபைல்லயே எழுதியிருக்கும், விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர் மைனஸ் மைனஸ் லிஸ்ட் போட்டா வரிசையா காட்டும். அதைப் படிக்காம கடைசி ஃபைலை தூக்கிப் போட்டா அங்கயும் இப்படித்தான் வால் அறும்.

டீமனை நிறுத்தறேன்னு எழுதினியே, அதைப் படிச்சதும் கோவம்தான் வந்துச்சு. அது நின்னதாலதானேப்பா இந்த நிலைமை! ரூட்டை ரொப்புனது உண்மையிலயே அதுதானான்னு சைஸ் எடுத்துப் பாத்தியா? கான்ஃபிகரேஷன் பேக்கப் எல்லாம் சின்ன ஃபைலுங்க, பெரும்பாலும் ரூட்ல கிடக்குறது யாரோட பழைய லாக்கோ கோர் டம்ப்போதான் இருக்கும், அதைத் தூக்கு. பேக்கப் டைரக்டரியை தினமும் வேற ஒரு சர்வருக்குக் காப்பி பண்ண ஒரு கிரான் (நேரம் வச்சு தானா ஓடுற வேலை) போடு, ரூட் டிஸ்க்கே போச்சுன்னா பேக்கப்பும் கூடவே போயிடும் இல்லையா. கூடவே, அந்த பேக்கப் ஃபைலோட தேதி கடைசியா குரூப்ல நடந்த மாற்றத்தை விட பழசா இருந்தா அலர்ட் வரணும்.

ஒண்ணு மட்டும் நீ எழுதவே இல்ல. பல டிஸ்க்ல இருந்த காப்பி எல்லாம் ஒரே நேரத்துல எப்படி போச்சு? ஒரு டிஸ்க் கெட்டா மத்த டிஸ்க்ல இருக்குறதை வச்சு இம்போர்ட் ஆகியிருக்கணும். அந்த ஸ்டோரேஜ் வேலையில எல்யூஎன் மேப்பிங் யார் மாத்தினாங்க, வேற எந்த சர்வருக்கு இந்த டிஸ்க்கெல்லாம் தெரியுதுன்னு இன்னைக்கே கேளு. அது தெரியற வரைக்கும் இந்த குரூப் மறுபடி போகலாம். மவுண்ட் ஆன வால்யூம்ல இருக்குற டேட்டாபேஸையும் ஒரு முழு செக் ஓட்டாம யூசருக்குத் திறந்து விடாத, ஏற்கனவே விட்டுட்டன்னா இன்னைக்கு ராத்திரியே டவுன்டைம் கேளு, நான் சொன்னேன்னு வேணும்னாலும் சொல்லிக்கோ. சிஎம்டிலாக்ல என்ன இருந்துச்சுன்னு எழுது.