நிலவில் நடந்தவர்களின் கையொப்பம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

விண்வெளி வீரர்கள் கையொப்பமிட்ட படங்களைச் சேகரிப்பவன் நான். போன இதழில் அந்தப் படங்களைப் பற்றி வந்த சிறு குறிப்பைப் பார்த்துவிட்டு மலையகத்தின் பல பக்கங்களிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். தபாலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கட்டுக் கடிதம் வந்து சேர்வதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு இல்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

நிலவில் நடந்தவர்களில் யார் யார் இன்னும் இருக்கிறார்கள்? எழுதிக் கேட்டால் கையொப்பம் போட்ட படம் அனுப்புவார்களா?
பாடசாலை மாணவி, தலவாக்கலை

நடந்தவர்கள் மொத்தம் 12 பேர், மகள். 1969 ஜூலையில் அப்பல்லோ 11இல் போன ஆம்ஸ்ட்ரோங்கும் ஓல்ட்ரினும் முதல் இருவர். 1972 டிசெம்பரில் அப்பல்லோ 17இல் போன சேர்னனும் ஷ்மிட்டும் கடைசி இருவர். நான் இதை எழுதும் நேரத்தில் நால்வர் இருக்கிறார்கள்: பஸ் ஓல்ட்ரின், டேவிட் ஸ்கொட், சார்ளி டியூக், ஹரிசன் ஷ்மிட். ஓல்ட்ரின் பிறந்தது 1930இல். நால்வரில் இளையவரான டியூக் கூட 1935இல் பிறந்தவர்.

கடிதம் போட்டால் படம் சும்மா வந்த காலம் முடிந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் பணம் கட்டித்தான் வாங்க வேண்டும். அப்படி வாங்குவதென்றால் விண்வெளி வீரர் புலமைப்பரிசில் அறக்கட்டளையின் ஏலத்தைப் பார்க்கச் சொல்வேன். அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களான மெர்க்குரித் திட்டத்து வீரர்கள் 1984இல் தொடங்கியது அது. அங்கே செலுத்தும் காசு அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் போகிறது. ஆனால் ஒரு மாணவி இதற்காக வீட்டுக் காசைச் செலவழிக்கக் கூடாது. இப்போது பணியில் இருக்கும் வீரர்களுக்கு, ஹூஸ்டனில் உள்ள ஜோன்சன் விண்வெளி நிலையத்தின் முகவரிக்கு எழுதுங்கள். வரும் படத்தில் இருப்பது அச்சுக் கையொப்பமாகவும் இருக்கலாம். பரவாயில்லை, தொடக்கம் அதுவாக இருக்கட்டும்.

கடிதத்தைக் கையால் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையுள்ள ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஷ்மிட் பாறைகளைப் படித்த விஞ்ஞானி. 12 பேரிலும் விஞ்ஞானியாகப் போனவர் அவர் மட்டும்தான். நிலவில் செம்மஞ்சள் நிற மண்ணைக் கண்டு துள்ளியவர் அவர். அப்படிப்பட்டவரிடம் "உங்கள் கையொப்பம் வேண்டும்" என்று மட்டும் எழுதுவது எனக்குப் பொறுக்காது.

எங்கள் லயத்துக்குத் தனி முகவரி இல்லை. வெளிநாட்டுத் தபால் எப்படி வந்து சேரும்?
தோட்ட இளைஞர், மஸ்கெலியா

தம்பி, இது என் நெஞ்சுக்கு நெருங்கிய விஷயம். எத்தனையோ பிள்ளைகளுக்கு வேலைக்கான நேர்முகக் கடிதமே நாள் தவறி வந்ததை நான் கண்ணால் பார்த்தவன். தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் மட்டும் போட்டால் கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்துவிடும். அதிபரிடம் கேட்டுக்கொண்டு பாடசாலை முகவரியைக் கொடுங்கள். இல்லையென்றால் டவுனில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் முகவரி. உங்கள் உபதபாலக அதிபரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நம் முத்திரையை அமெரிக்காவில் ஒட்ட முடியாது, அதனால் பதில் உறையில் இலங்கை முத்திரை ஒட்டி அனுப்புவதில் பயனில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் சர்வதேச பதில் கூப்பன் வாங்கி உள்ளே வைப்போம்; அதைக் கொடுத்து அவர்கள் அங்கேயே முத்திரை வாங்கிக்கொள்ளலாம்.

ஆம்ஸ்ட்ரோங் கையொப்பமிட்ட படம் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
ஆசிரியர், பதுளை

வாங்க வேண்டாம் சேர். உலகத்தில் அதிகம் போலி செய்யப்படும் கையொப்பங்களில் அவருடையதும் ஒன்று. கேட்டு எழுதியவர்களுக்கு நெடுங்காலம் போட்டுக் கொடுத்தார். வாங்கியவர்கள் விற்றுப் பணமாக்குவதும் போலிகள் பெருகுவதும் தெரிந்த பிறகு, 1994இல் நிறுத்திக்கொண்டார். 2012இல் காலமானார். அதனால் உண்மையான படம் மலிவாகக் கிடைக்க வழியே இல்லை.

இருந்தாலும் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் பாருங்கள், படிப்பதற்கு நிறைய இருக்கிறது. முதலில் பூதக்கண்ணாடி. கையொப்பம் நுண்ணிய புள்ளிகளாகத் தெரிந்தால் அது படத்தோடு சேர்த்து அச்சானது. பிறகு வெளிச்சத்தில் சரித்துப் பிடியுங்கள். பேனை மை படத்தின் பளபளப்புக்கு மேலே தனியாகப் படிந்திருக்கும். அடுத்தது இயந்திரக் கையொப்பம். வந்து குவிந்த கடிதங்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல், பேனையைப் பிடித்து எழுதும் இயந்திரத்தை நாசா அறுபதுகளிலேயே பயன்படுத்தியது. மை உண்மை, பேனையும் உண்மை, கைதான் இல்லை. கோடு முழுக்க ஒரே அழுத்தத்தில் ஓடும். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பேனை கொஞ்சம் நின்று புள்ளி வைத்திருக்கும். எந்த மனிதனும் இரண்டு முறை அச்சொட்டாக ஒரே மாதிரிக் கையொப்பம் போடுவதில்லை. ஆகவே இரண்டு கையொப்பங்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்து அவை முழுதாகப் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம். இந்த இயந்திர வடிவங்களைச் சேகரிப்பவர்கள் பட்டியலிட்டும் வைத்திருக்கிறார்கள். இவை தவிர, செயலாளர்கள் போட்டுக்கொடுத்த கையொப்பங்களும் உண்டு. அவற்றைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

இன்னொன்று. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், படத்தில் நிலவில் நிற்பவரே ஆம்ஸ்ட்ரோங் என்று விற்பவர் சொல்லியிருக்கிறார் போல. முகக்கவசத்தில் எதிரே உள்ளவை தெரியும் அந்தப் பிரபலமான படத்தில் நிற்பவர் ஓல்ட்ரின். கமெரா பெரும்பாலும் ஆம்ஸ்ட்ரோங்கின் கையில்தான் இருந்தது. அந்தக் கவசத்தின் பிரதிபலிப்பில் சின்னதாகத் தெரிபவர்தான் அவர். இதுவே தெரியாதவரிடம் ஏன் வாங்க வேண்டும்?

பெயர் எழுதிய படம் மதிப்புக் குறைவு என்கிறார்களே?
சேகரிப்பாளர், கண்டி

சந்தையில் குறைவுதான். "இன்னாருக்கு" என்று எழுதிய படம் வெறும் கையொப்பப் படத்தைவிட மலிவாகப் போகிறது. எனக்கோ அதுதான் வேண்டும். இன்னொருவருக்கு விற்கப் பார்ப்பவன் பெயரில்லாமல் கேட்பான், போலி செய்கிறவனும் பெரும்பாலும் பெயரில்லாமல்தான் செய்வான். பெயரெழுதிய படத்தில் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடுதல் எழுத்துகளும் கிடைக்கும்.

என்னிடம் இருப்பவற்றில் நான் யாருக்கும் கொடுக்காதது ஜிம் இர்வினின் படம். அப்பல்லோ 15இல் போனவர், நடந்தவர்களில் எட்டாமவர். நாசாவை விட்டபின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு கிறிஸ்தவ ஊழிய அமைப்பைத் தொடங்கினார். நான் டிக்கோயாப் பக்கத்திலிருந்து எழுதிய கடிதத்துக்கு அவர் அனுப்பிய படத்தில், என் பெயரை நான் ஆங்கிலத்தில் எழுதிய அதே எழுத்துக்கூட்டலில் பார்த்து எழுதியிருக்கிறார். நிலவுக்குப் போன ஒரு மனிதர் ஒரு தோட்டத்துப் பையனின் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்திருக்கிறார். 1991இல் அவர் இறந்த செய்தி வந்தபோது சொந்தத்தில் ஒருவர் போனதுபோல இருந்தது.

நிலவிலேயே கையொப்பமிட்ட படம் ஒன்று கிடக்கிறது, தெரியுமா? 1972 ஏப்ரலில் சார்ளி டியூக், தானும் மனைவியும் இரண்டு மகன்மாரும் இருக்கும் குடும்பப் படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு அங்கே வைத்துவிட்டு வந்தார். அதன் பின்பக்கத்தில் குடும்பத்தார் எல்லோரும் கையொப்பம் போட்டிருக்கிறார்கள். அங்குள்ள வெயிலுக்குப் படம் இந்நேரம் வெளுத்துப்போயிருக்கும். தரையில் கிடக்கும் அதை டியூக் எடுத்த புகைப்படம் நம்மிடம் இருக்கிறது.

படங்களில் பூஞ்சணம் பிடிக்கிறது. என்ன செய்வது?
வாசகி, நுவரெலியா

நம் ஊர் ஈரத்துக்குத் தப்பிய கடதாசி இல்லை, அக்கா. முதலில் படத்தைக் காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில் நன்றாக உலர விடுங்கள். உலர்ந்த பிறகு வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத்துணியைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது, மை கரைந்துவிடும்.

வைக்கும் இடம் முக்கியம். தகரப்பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள், பலகை போட்டு உயர்த்தி வையுங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவர் ஓரம் வேண்டாம், அடுப்புப் புகை வரும் இடமும் வேண்டாம். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பமும் பிவிசி உறையும் படத்தைக் கெடுக்கும். பொலிப்ரொப்பிலீன் அல்லது பொலியெஸ்டர் உறையைக் கேட்டு வாங்குங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தைப் பெட்டிக்குள் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். லமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். செலோடேப்பும் ஆகாது. தடித்த பேனை மை வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் சுவரில் நகலை மாட்டிவிட்டு அசலை உள்ளே வையுங்கள்.

பெட்டியைத் திறந்து காற்றாட விடுவதற்கும் காலம் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தில் மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை கொட்டும், அங்கே பெப்ரவரி, மார்ச் நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஜூலை, ஓகஸ்ட். நுவரெலியாவில் பனி விலகிய ஒரு காய்ந்த பகல் கிடைத்தால் அன்றைக்கே திறந்துவிடுங்கள், பின்னேரம் மூடுபனி இறங்குவதற்குள் மூடிவிட வேண்டும்.