புதுப் படகை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அவுட்போர்டு இஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) வைத்த புதுப் படகின் செயல்திறனைத் தண்ணீரில் எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதிகபட்ச வேகத்தை ஓரமாக வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஆர்பிஎம் முள்ளை, அதாவது இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை. இதை நான் தாமதமாகத்தான் கற்றேன்.

என் இஞ்சினின் கையேட்டில், த்ராட்டிலை முழுசாகத் தள்ளினால் 5,000 முதல் 6,000 ஆர்பிஎம் வரவேண்டும் என்று இருந்தது. புது இஞ்சினைப் பழக்கும் ரன்னிங்-இன் காலமான 10 மணி நேரத்தை முடித்துவிட்டு (அதற்கு முன் முழு வேகத்தில் விரட்டாதீர்கள்) தனியாக ஓட்டிப் பார்த்தேன். 5,100 வந்தது. பரம சந்தோஷம். அடுத்த வாரம் நான்கு பேர், நிறைந்த டேங்க். முள் 4,700ஐத் தாண்டவே இல்லை. படகின் மூக்கு வானத்தைப் பார்த்தபடியே இருந்தது. தண்ணீர்மேல் எழும்பிச் சறுக்க 11 விநாடி ஆனது. டாப் கியரிலேயே மேடேறும் வண்டியின் முனகல். விற்றவரோ, "புது இஞ்சின்தானே, போகப் போகச் சரியாகிடும்" என்றார். ஆகவில்லை.

கோளாறு இஞ்சினில் இல்லை, புரொப்பல்லரில். அதன் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது கணக்குப்படி முன்னேற வேண்டிய தூரம், 19 அங்குலம். அந்தப் பாரத்துக்கு அது அதிகம். பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். 17 மாட்டினேன், அதே நான்கு பேருடன் 5,100 வந்தது, எழும்ப 7 விநாடிதான். வேடிக்கை என்னவென்றால், உச்ச வேகம் ஏறக்குறைய மாறவேயில்லை. வேகத்தை மட்டும் பார்த்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. ஆகவே வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு சோதியுங்கள்.

வேகத்தை ஜிபிஎஸ்ஸில், ஒரே தடத்தில் போகவும் வரவும் அளந்து சராசரி எடுங்கள். எனக்குப் போகும்போது 60, திரும்பும்போது 54. ஆக மணிக்கு 57 கி.மீ. 17 அங்குல பிட்ச், 2:1 கியர் (இஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஒன்று), 5,100 ஆர்பிஎம் என்றால் கணக்குப்படி 66 கி.மீ. வரவேண்டும். இந்த இடைவெளிதான் நழுவல், சுமார் 14 சதவீதம். இந்த மாதிரிப் படகுக்கு அது சகஜம்.

டிரிம்மை (இஞ்சினின் சாய்வை) முழுக்க உள்ளே வைத்துக் கிளம்பி, படகு எழும்பியதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுங்கள். மூக்கு ஏறி இறங்கிக் குதிக்க ஆரம்பித்தால் சற்றுக் குறையுங்கள். திருப்பும்போது இஞ்சின் திடீரென்று அலறி, படகு மட்டும் தளர்ந்தால் புரொப்பல்லர் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். டிரிம்மைக் குறைத்தும் நிற்கவில்லையென்றால் இஞ்சின் பொருத்திய உயரத்தைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் எரிபொருள். 3,500 ஆர்பிஎம்மில் மணிக்கு 35 கி.மீ., 14 லிட்டர். அதாவது லிட்டருக்கு 2.5 கி.மீ. முழு த்ராட்டிலில் 30 லிட்டர் குடித்து 1.9தான் கொடுத்தது. ஒவ்வொரு 500 ஆர்பிஎம்முக்கும் ஒரு வரி எழுதி வைத்தால் உங்கள் படகுக்குச் சிக்கனமான வேகம் எது என்று தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், அவசர நிறுத்தக் கயிற்றை உடம்பில் மாட்டி, ஒருமுறை இழுத்து இஞ்சின் நிற்கிறதா என்று பாருங்கள். குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்பதையும்தான்.

அந்த 19 அங்குல புரொப்பல்லரை நான் விற்கவில்லை. அவசரத்துக்கு ஆகும் என்று, கழற்றும் ஸ்பானரோடு படகிலேயே கிடக்கிறது.