கேளுங்கள், சொல்கிறேன்: புகையிலைத் துண்டும் ஐந்து பேரின் இரத்தமும்

நான் மூன்று மாதம். சத்திக்கு நல்லது, ஒரு துண்டு புகையிலை வெற்றிலையோடு போடு என்று மாமியார் சொல்கிறா. பயமாக இருக்கு என்றால் மச்சாள் போனை நீட்டுகிறா: நிறை குறைந்து பிறந்த பிள்ளைகளில், புகைக்கிற தாய்மாரின் பிள்ளைகள்தான் கூடத் தப்பினார்களாம். உண்மையா?
— வாசகி, புதுக்குடியிருப்பு

வேண்டாம் தங்கச்சி, ஒரு துண்டுகூட வேண்டாம். ஆனால் மச்சாள் காட்டியது பொய்யில்லை, அதுதான் வில்லங்கம். 1971இல் யெருசால்மி என்பவர் கலிபோர்னியாத் தரவுகளை வைத்து எழுதியது அது. 2500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், புகைக்கும் தாய்மாரின் பிள்ளைகளில் இறப்புக் குறைவாக இருந்தது. அப்போ புகைத்தல் கெடுதியில்லையா என்று கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

இரணைமடு வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிய வயல்களை மட்டும் ஒரு கொப்பியில் எழுதுகிறீர்கள். வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயல் ஏன் வாடியது? தண்ணீர் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான், ஒரு மழை பெய்தால் நிமிர்ந்துவிடும். தண்ணீர் திறந்துவிடும் துருசடி வயலுக்குத் தண்ணீர்க் குறையே இல்லை, அதுவும் வாடியிருந்தால் கபிலத் தத்திப் பூச்சி அடித்திருக்கும், அது மழைக்கு எழும்பாது. இப்போ கொப்பியைப் பார்த்து ‘கடைசி வயல்தான் நல்லாய்ப் பிழைக்கிறது, தண்ணீர் போகாமல் இருப்பதே மேல்’ என்று ஒருவர் சொன்னால் கமக்காரர் சிரிப்பார்கள் இல்லையா? பிள்ளைகளின் கதையும் இதேதான். புகைக்கும் தாயின் பிள்ளை சிறிதாகப் பிறந்தால் அதற்குப் புகையே காரணமாக இருக்கலாம். புகைக்காத தாய்க்கும் சிறிதாகப் பிறந்தால் பிறவிக் குறைபாடு போல இன்னும் பாரமான ஒன்று பின்னால் இருக்க வாய்ப்புக் கூட. சிறிய பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்ததால் வந்த குழப்பம் இது. 2006இல் சோனியா எர்னாண்டஸ்-டயஸும் கூட்டாளிகளும் காரணத் தொடர்புகளைப் படமாக வரைந்து இதை விளக்கினார்கள். பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினால் புகைக்கும் தாய்மாரின் பக்கம்தான் இழப்புக் கூட. மெல்லுகிற புகையிலையிலும் நிக்கோட்டின் இருக்கு, நிறைக்குறைவோடும் செத்துப் பிறப்போடும் அதற்குத் தொடர்பு கண்டிருக்கிறார்கள். சத்தி நிற்கவில்லை என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அவ மாமியாரிடமும் பேசுவா.

குறைமாதத்தில் பெற்ற தாய்மாரையும் நிறைமாதத்தில் பெற்றவர்களையும் ஒப்பிட, அவர்களின் இரத்தத்தில் ஒரு புரதத்தை அளக்கும் ஆய்வு செய்கிறேன். 200 மாதிரி இருக்கிறது, காசு 80 பரிசோதனைக்குத்தான். ஐந்தைந்து பேரின் சீரத்தை (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை) ஒன்றாகக் கலந்து அளக்கலாம் என்கிறார் மேற்பார்வையாளர். இது களவு இல்லையா?
— மாணவன், பம்பைமடு

களவு இல்லை, பழைய கெட்டித்தனம். 1943இல் ரொபர்ட் டோர்ஃப்மன் அமெரிக்கப் படைக்கு ஆட்சேர்ப்பில் சிபிலிசு நோயைத் தேடுவதற்கு இந்த வழியை எழுதினார். நூறில் ஒருவருக்கு நோய் என்று வைத்துக்கொள்ளும். 1000 பேரைப் பத்துப் பத்தாகக் கலந்தால் முதலில் 100 பரிசோதனை. நோய் காட்டும் குப்பிகளில் உள்ளவர்களை மட்டும் தனித்தனியே பார்க்க இன்னும் ஏறக்குறைய 96. ஆயிரம் செய்ய வேண்டிய இடத்தில் இருநூறுகூட இல்லை!

உமக்கு வேண்டியது நோய் உண்டா இல்லையா என்பதல்ல, அளவு. அதற்குக் குறைமாதத்தில் பெற்ற தாய்மாரை அவர்களுக்குள்ளும் நிறைமாதத்தில் பெற்றவர்களை அவர்களுக்குள்ளும்தான் கலக்க வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கலந்தால் ஆய்வே போச்சு. எல்லாரிடமும் ஒரே அளவு சீரம், சொட்டுக் கூடினாலும் குறைந்தாலும் சராசரி சாய்ந்துவிடும். இன்னொரு கண்ணி: நாலு பேருக்கு 2, காய்ச்சலோடு வந்த ஒருவருக்கு 90 என்றால் குப்பி 19.6 என்று காட்டும், அந்த ஐவரில் யாருமே 19.6 இல்லை. பிறகு நீர் அதற்கு மடக்கை (log) எடுத்தால், ஐந்து மடக்கைகளின் சராசரி என்று அதை நினைத்துவிடாதேயும், இரண்டும் வேறு. என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் கலக்காமல் 150 பேரை ஐந்தைந்தாக 30 குப்பியாக்கி, மற்ற 50 பேரைத் தனித்தனியே அளப்பேன். அந்த 50தான் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை நேராகக் காட்டும். 80 பரிசோதனைக்குள் கணக்கும் முடிந்தது. ஒவ்வொருவரின் சீரத்திலும் கொஞ்சம் எடுத்து உறைய வைத்துவிட்டுக் கலவும், கலந்ததைப் பிறகு பிரிக்க முடியாது.

ஆய்வுகூட அறிக்கையில் ‘0.5இற்குக் குறைவு’ என்று வந்தால் பூச்சியம் போடலாமா?
— அதே மாணவன்

போடாதேயும். கடைத் தராசில் ஒரு மிளகை வைத்தால் முள் அசையாது, அதற்காக மிளகுக்குப் பாரமில்லை என்பீரா? பலர் 0.5ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பிரித்து 0.35 என்று போடுவார்கள். அப்படி வந்தவர்கள் கொஞ்சப் பேர் என்றால் சமாளிக்கலாம். கனபேர் என்றால் ‘0.5இற்குக் கீழே எங்கோ’ என்றே வைத்துக் கணிக்கும் டோபிட் முறைக்குப் போம்.

மனைவிக்குத் தொடக்கத்தில் ஹீமோகுளோபின் 11.8, இப்போ ஆறாம் மாதம் 10.7. குளிசை ஒழுங்காகப் போடுகிறா. பிறகேன் இறங்குகிறது?
— வாசகர், மல்லாவி

இரத்தம் குறையவில்லை, தண்ணீர் கூடியிருக்கு. கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய அரைவாசி கூடும், செங்குருதிக் கலங்கள் கால்வாசி அளவுதான் கூடும். ரசத்தில் தண்ணீர் விட்ட மாதிரி. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் முதல் மூன்று மாதத்துக்கும் கடைசி மூன்று மாதத்துக்கும் 11 என்றும் நடுவில் 10.5 என்றும் எல்லை வைத்திருக்கிறது. மனைவி அந்த எல்லைக்கு மேலேதான் நிற்கிறா. குளிசையை நிற்பாட்ட வேண்டாம், அடுத்த கிளினிக்கையும் விட வேண்டாம். இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போட விடாதீர்கள், குளிசை போட்ட கையோடு தேத்தண்ணியும் வேண்டாம், ஒரு மணித்தியாலம் பொறுத்து நீங்களே ஊற்றிக் கொடுங்கள்.