வாசகர் கேள்வி பதில்: ஸ்டாப் பண்ணா மட்டும் டிரிப் ஆகுது!

கேள்வி: அண்ணே வணக்கம். ஊரு தர்மபுரி பக்கம், இப்ப பெங்களூரு பீன்யா ரெண்டாவது ஸ்டேஜ்ல ஒரு கம்பெனில மெயின்டனன்ஸ் பாக்குறேன். 15 ஹெச்பி புளோவர், யாஸ்கவா டிரைவ் (மோட்டார் வேகத்தை கூட்டிக் குறைக்கிற பெட்டி). ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்ல, ஸ்டாப் அமுக்குனா மட்டும் ரெண்டு மூணு செகண்ட்ல ‘ஓவி’ன்னு காட்டி நிக்குது. ரீசெட் பண்ணா ஓடுது. பாக்க வந்தவரு போர்டு போச்சு, டிரைவையே மாத்தணும்ங்கிறாரு. மாத்தணுமா?

பதில்: தம்பி, வேணாம், ஓனர்கிட்ட அவசரப்பட்டு தலையாட்டிடாதீங்க. எப்ப டிரிப் ஆகுதுன்னு நீங்களே எழுதிட்டீங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. ஓவின்னா ஓவர் வோல்டேஜ், ஆனா அது கரண்ட் லைன்ல இருந்து வர்றது இல்ல, உங்க புளோவர்ல இருந்தே வருது. 415 வோல்ட் உள்ள போய் டிசி ஆனா ஏறக்குறைய 585 வோல்ட். கனமான இம்பெல்லர் (புளோவர் உள்ள சுத்துற சக்கரம்) வேகமா சுத்திட்டு இருக்கும்போது டிரைவ் அதை சட்டுன்னு இழுத்து நிறுத்தப் பாத்தா மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி ஆகி கரண்ட திருப்பி அனுப்பும், அது போக வழியில்லாம கெப்பாசிட்டர்ல ஏறி 800 வோல்ட்ட தாண்டுனதும் டிரைவ் தன்னைக் காப்பாத்திக்க கட் பண்ணிடுது. அதாவது டிரைவ் சரியா வேலை செய்யுது!

டிரைவ் செட்டிங்ல சி1-02 பாருங்க, அதான் நிக்கிற நேரம். யாரோ 5, 6 செகண்ட்னு குறைச்சு வச்சிருப்பாங்க, 40, 60னு ஏத்திப் பாருங்க. எல்3-04ம் பாருங்க, அது 1ல இருந்தா வோல்டேஜ் ஏறும்போது டிரைவே நேரத்தை நீட்டிக்கும், யாராவது 0 பண்ணியிருந்தா அந்தப் பாதுகாப்பு போச்சு. புளோவர் தானா சுத்தி நின்னா பரவாயில்லன்னா பி1-03ல 1 கொடுங்க, ஆனா சுத்திட்டு இருக்கும்போதே திரும்ப ஸ்டார்ட் கொடுத்தா ‘ஓசி’ (ஓவர் கரண்ட்) வரலாம், அதுக்கு பி3-01ல ஸ்பீட் சர்ச் ஆன் பண்ணிடுங்க, சுத்துற வேகத்தைக் கண்டுபிடிச்சு அதுலயே பிடிச்சுக்கும். சீக்கிரம் நிறுத்தியே ஆகணும்னா மட்டும் பிரேக்கிங் ரெசிஸ்டர் போடுங்க, திரும்பி வர்ற கரண்ட சூடாக்கி வெளிய விட்டுடும்.

இன்னொண்ணு, இனிமே ரீசெட்ட தொடுறதுக்கு முன்னாடி ஃபால்ட் கோடு (ஓவி மாதிரி), ஹெர்ட்ஸ், ஆம்ப்ஸ், டிசி வோல்டேஜ் நாலையும் நோட்டுல எழுதுங்க. யு2 மெனுல டிரிப் ஆன நேரத்து அளவு இருக்கும், பெரும்பாலும் யாரும் திறந்தே பாக்குறது இல்ல, எனக்கு அதான் ரொம்ப வருத்தம்.

கேள்வி: மழை பெஞ்சா டிரைவ்ல ‘ஜிஎஃப்’ வருது, வெயில் அடிச்சா சரியாகுது. (பொம்மசந்திரா வாசகர்)

பதில்: கிரவுண்ட் ஃபால்ட், அதாவது கரண்ட் எர்த்துக்கு கசியுது, காரணம் ஈரம்தான். பவர் ஆஃப் பண்ணி 5 நிமிஷத்துக்கு மேல விட்டு, டிசி டெர்மினல்ல மீட்டர் வச்சுப் பாத்துட்டு கை வைங்க. மோட்டார் கேபிளை டிரைவ்ல இருந்து கழட்டிட்டு மெக்கர் (இன்சுலேஷன் பாக்குற மீட்டர்) போடுங்க, கழட்டாம போட்டீங்கன்னா டிரைவ் காலி. போன மழைக்கு ஒரு இடத்துல மோட்டார் டெர்மினல் பாக்ஸ் திறந்தேன், கிளாண்டுல (கேபிள் உள்ள நுழையுற மூடி) ரப்பரே இல்ல, உள்ள ரெண்டு ஸ்பூன் தண்ணி நிக்குது. தொடச்சு காய வச்சு புது கிளாண்ட் போட்டோம், அப்புறம் அந்த கோடு வரவே இல்ல.