ஈரத்திலும் சேற்றிலும் கூட வரும் சிறு உறைக்கத்தி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐப்பசி மழைக்கு முன்னால் வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: களக்காடு பக்கம் வாழைத்தோப்பு. மழைநாளில் வாய்க்காலில் இறங்கி ஏறும்போது இடுப்பை விட்டு விழாத சின்னக் கத்தி வேண்டும். அருவாள் வேண்டாம். எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் உறையைப் பாருங்கள், கத்தியை அப்புறம் பாருங்கள். மழுங்கிய கத்தியைத் தீட்டிக்கொள்ளலாம். சேற்றில் நழுவி விழுந்த கத்தி கிடைக்காது. கிடைத்தால் பெரும்பாலும் காலில்தான் கிடைக்கும்.

கடையிலேயே உறையைத் தலைகீழாகப் பிடித்துப் பலமாக உதறுங்கள். முனை யாரையும் பார்க்காமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உதறினால் போதும். கத்தி அசையவே கூடாது. பிறகு ஒரே கையால் உருவிப் பாருங்கள். கட்டைவிரலால் உறையின் விளிம்பைத் தள்ளினால் ‘டக்’கென்று விடுபட வேண்டும். இரண்டு கையும் தேவைப்பட்டால் அந்த உறை உதவாது. அடுத்து உறையின் அடியைப் பாருங்கள். 5 அல்லது 6 மி.மீ. அளவில் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத உறையில் தண்ணீரும் மணலும் தேங்கும். மணல் அலகைக் கீறும், தண்ணீர் துருவைக் கொண்டுவரும்.

இறுக்கத்தை மட்டும் நம்பி நிற்கிற பிளாஸ்டிக் உறை நாளாவட்டத்தில் தேய்ந்து தளரும். பழைய சைக்கிள் டியூபில் ஓர் அங்குல அகலத்துக்கு வளையம் வெட்டி உறையின் மேல்பகுதியில் மாட்டிவிடுங்கள். வாய்க்காலில் இறங்கும்போது அதைப் பிடியின் மேல் ஏற்றிவிட்டால் கத்தி எங்கும் போகாது. டிச் பட்டன் வைத்த வாரைவிட இது நம்பகமானது. சேறு புகுந்த பட்டன் பூட்டாது.

அலகு 3 முதல் 3½ அங்குலம், தடிமன் 2.5 முதல் 3 மி.மீ. இருந்தால் இலை அறுக்கவும் கயிறு வெட்டவும் சொட்டுநீர்க் குழாயைச் சீவவும் போதும். பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரல் முன்னால் வழுக்காதபடி ஒரு தடுப்பு அவசியம். அலகை உறையிலேயே விட்டுவிட்டு, கையில் சோப்புத் தண்ணீரைத் தடவி, பிடியை இறுக்கி முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். விரல் தடுப்பைத் தாண்டி வழுக்கினால் வாங்காதீர்கள். ரப்பர் போன்ற சொரசொரப்பான பிடியே ஈரத்துக்கு நல்லது.

வாழைச்சாறு பட்டால் கார்பன் எஃகு கறுத்துவிடும். உங்களுக்கு ஸ்டெயின்லெஸ் எஃகுதான் சரி. ஸ்வீடனின் மோரா நிறுவனத்தின் கம்பேனியன் ரகத்தில் இரண்டு எஃகிலும் கத்தி வருகிறது. அதன் அலகு சுமார் 10.4 செ.மீ. இந்த வேலைக்குக் கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் இடைஞ்சல் ஆகாது.

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் தோல் உறையோடு கத்தி வாங்கினேன். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. உறையில் பூஞ்சை, கத்தியில் புள்ளி புள்ளியாகத் துரு. கத்தி மட்டமா?

கத்தியைக் குறை சொல்ல முடியாது. தோல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு நாள்கணக்கில் விடாது. அந்த ஈரத்தோடு தோலைப் பதப்படுத்தும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் அலகின் மேலேயே ஒட்டிக்கிடக்கின்றன. ஸ்டெயின்லெஸ்கூட இதில் புள்ளி விழும். போதாததற்கு, நனைந்த தோல் இளகிப் பிடிமானத்தையும் விட்டுவிடும்.

தோல் உறையை வறண்ட நாள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கத்தியை வெளியே எடுத்து வையுங்கள், உறையை நிழலில் தனியாக உலர்த்துங்கள். அலகின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, தையல் நூலில் படுகிறதா என்றும் பாருங்கள். பட்டால் நூல் அறுந்து ஒருநாள் உறையின் பக்கவாட்டில் கத்தி வெளியே வரும். தோல் வேலை செய்பவரிடம் கொடுத்து, வாய்ப் பக்கம் இரண்டு தோலுக்கும் நடுவே 3 மி.மீ. தடிமனில் ஒரு தோல் பட்டையை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உவரியில் பைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறோம். வலையில் கால் சிக்கினால் உடனே அறுக்க ஒரு கத்தி வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்று வாங்கியதும் துருப்பிடிக்கிறது.

ஸ்டெயின்லெஸ் துருவைத் தாமதப்படுத்தும், முழுக்கத் தடுக்காது. கத்திக்குப் பயன்படும் சாதாரண ஸ்டெயின்லெஸில் குரோமியம் 13, 14 சதவீதம் இருக்கும். எஃகின் மேல் அந்தக் குரோமியம் உண்டாக்கும் காப்புப் படலத்தைக் கடல் உப்பில் உள்ள குளோரைடு புள்ளி புள்ளியாக உடைத்து உள்ளே இறங்கும். எச்1 என்ற எஃகில் கார்பனின் பெரும்பகுதிக்குப் பதிலாக நைட்ரஜன் சேர்த்திருக்கிறார்கள். அது கடல்நீரில் துருப்பிடிப்பதில்லை. விலை அதிகம். விலை குறைந்த ஸ்டெயின்லெஸ் கத்தியைக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, உறைக்குள்ளும் தண்ணீரை ஊற்றி அலசி, துடைத்து, தேங்காய் எண்ணெயை மெலிதாகத் தடவி வைத்தாலும் வெகுநாள் வரும்.

உங்களுக்கு எஃகைவிட முனை முக்கியம். கூர்முனை வேண்டவே வேண்டாம். ஆடுகிற வள்ளத்தில் காலைச் சுற்றிய கயிற்றை அவசரமாக அறுக்கும்போது கூர்முனை உங்கள் தொடையிலோ பக்கத்தில் இருப்பவர் மேலோ இறங்கும். மொட்டை முனையாக வாங்குங்கள், அல்லது இருப்பதன் முனையை அரைத்து மழுக்குங்கள். நைலான் கயிற்றுக்கு ரம்பப் பல் உள்ள வாய் வேகமாக அறுக்கும். பிடியை ஒட்டிய பாதி ரம்பமாகவும் மீதி வழக்கமான வாயாகவும் இருந்தால் மீன் அறுக்கவும் ஆகும். பிடி ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறமாக இருக்கட்டும்.

கத்தியைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளாதீர்கள். அந்தக் கயிறே வலையிலோ இன்ஜினிலோ மாட்டிக் கையை இழுத்துவிடும். உறையை நெஞ்சுப் பக்கம், இரண்டு கையும் எட்டும் இடத்தில் அணியுங்கள்.

கேள்வி: கத்தி நன்றாக இருக்கிறது, உறை உடைந்துவிட்டது. வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். 32 மி.மீ. பிவிசி தண்ணீர்க் குழாய் போதும். அலகின் நீளத்தோடு 2 அங்குலம் சேர்த்து ஒரு துண்டு வெட்டுங்கள். கத்தியின் அலகை மாஸ்கிங் டேப்பால் இரண்டு சுற்று சுற்றி, அதன் மேல் தபால் அட்டையை ஒரு சுற்று சுற்றுங்கள். உறை உள்ளே கொஞ்சம் தளர்வாக அமையவும், இளகிய குழாயை வாய் கீறாமல் இருக்கவும் இது வேண்டும்.

சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குழாயை 4, 5 நிமிடம் முக்குங்கள். பிவிசி 80 டிகிரி வாக்கில் இளகிவிடும். அடுப்புத் தீயில் நேரே காட்டாதீர்கள். கருகினால் வரும் புகை நுரையீரலை அரிக்கும். இடுக்கியால் எடுத்து, கத்தியைச் சொருகி, அதன் பிடியில் ஓர் அங்குலம் குழாய்க்குள் போகும்படி வைத்து, மேலும் கீழும் மடித்த பழந்துணியும் பலகையும் வைத்து ஏறி நில்லுங்கள். குளிர்ந்த தண்ணீரை ஊற்றி 5 நிமிடம் விடுங்கள்.

பிடியைக் கவ்வும் அந்த ஓர் அங்குலம்தான் கத்தியை நிறுத்தும். இறுக்கம் கூடினால் உறையின் வாயை மட்டும் மறுபடி வெந்நீரில் முக்கி லேசாகத் திறந்துவிடுங்கள். குறைந்தால் அதேபோல முக்கி அமுக்குங்கள். அடியில் 6 மி.மீ. ஓட்டை போட மறக்க வேண்டாம். நெல்லை வெயிலில் மூடிய காருக்குள் இதை வைத்தால் மறுபடி இளகும்.

கேள்வி: லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கலாமா?

வாங்கலாம், நல்ல எஃகுதான். அருவாள் அடித்துப் பழகிய கை முதுகை 5, 6 மி.மீ. விட்டுவிடும். 3 மி.மீ. என்று அளந்து சொல்லுங்கள். தோய்ச்சலை, அதாவது பழுக்கக் காய்ச்சிய அலகைச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவதை, தண்ணீரில் போடாமல் எண்ணெயில் போடச் சொல்லுங்கள். தண்ணீரில் மெல்லிய வாய் விரிசல் விடும். காந்தம் ஒட்டாத அளவு சூடாகி, அதற்கு மேலும் சற்றுச் சிவந்த பிறகு முக்க வேண்டும். அதன்பின் 200 டிகிரியில் ஒருமணி நேரமாக இரண்டு தடவை சுட வேண்டும், இல்லாவிட்டால் வாய் உடையும். பட்டறையில் வசதி இல்லையென்றால் வீட்டு ஓவனில் செய்யலாம். பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், ஆகவே புதுப் பட்டையின் வெட்டுத்துண்டாகக் கேளுங்கள். இது துருப்பிடிக்கும் எஃகு, கடலுக்கு ஆகாது.

கேள்வி: வேட்டி, கைலி கட்டுபவர்கள் உறையை எதில் மாட்டுவது?

பச்சை பெல்ட்டில். அரைஞாண் கயிற்றில் தொங்கவிடாதீர்கள், குனியும்போது முனை அடிவயிற்றுக்குத் திரும்பும். கொக்கியாக மாட்டும் உறை அகலப் பெல்ட்டில் நிற்காது, பெல்ட் முழுதாக உள்ளே நுழையும் வளையம் வேண்டும். வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் உட்காரும்போது குத்தாது.

கேள்வி: ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்த் தங்கும்போது இடுப்பில் வைத்துக்கொள்ளலாமா?

வைக்காதீர்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லின் விளக்கத்திலேயே கத்தியும் வருகிறது. 31ஆம் பிரிவின்படி எழுத்துமூல அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக்கூடாது. சமையலுக்குக் கத்தி தேவையென்றால் பாபநாசம் சோதனைச்சாவடியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்கு வெளியே, ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைக் குறிப்பிட்டு, விவசாய, வீட்டு உபயோகக் கருவிகளுக்கு விலக்கு தருகின்றன. குத்துவாள் அந்தப் பட்டியலில் தனியாகவே இருக்கிறது. அதனால் இருபுறமும் வாயுள்ள கத்தியைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

தண்ணீர் தொட்டுத் தொட்டு அரைத்தால் கொடுங்கள். உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய வாய் நொடியில் சூடேறி நீலம் பாயும். அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம், நீலம் போகும்வரை அரைத்து எடுத்தால்தான் மறுபடி கூர் நிற்கும். வீட்டில் 1000 எண் சாணைக்கல்லில், பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வில், தண்ணீர் விட்டுத் தீட்டிக்கொள்வதே நல்லது.