டர்பன் கிங்ஸ்மீட்: ராத்திரி மேட்சுக்குப் பிறகு பப், மறுநாள் அப்பாவோடு ஊர் சுற்ற

வணக்கம் நண்பரே. சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு டி20 பார்க்க வருகிறீர்கள், சைவ உணவுக்கார அப்பா கூட, கையில் ஒரே ஒரு பகல். அதற்கேற்ற மாதிரி சொல்கிறேன்.

கிங்ஸ்மீட் மைதானம் கடற்கரைக்குப் பக்கம்தான். பகலில் நடக்கலாம், மேட்ச் முடிந்த பிறகு வேண்டாம், ஊபர் பிடியுங்கள். கடைசிப் பந்துக்குப் பிறகு வாசலில் நின்று புக் செய்தால் கட்டணம் எகிறும், வண்டியும் கூட்டத்தில் மாட்டும். 2 ஓவர் முன்னதாக எழுந்துவிடுங்கள், அல்லது கூட்டம் கலையும்வரை உள்ளேயே இருங்கள். 2007-ல் யுவராஜ் ஆறு சிக்ஸர் அடித்த மைதானம், அவசரப்பட வேண்டாம்!

பப்புக்கு மார்னிங்சைடு பகுதியில் ஃப்ளோரிடா ரோடு. கடைகள் வரிசையாக இருக்கும், ஒன்று நெரிசலாக இருந்தால் அடுத்தது. டிப்ஸ் 10 முதல் 15 சதவீதம். பீரை வாங்கிக்கொண்டு பீச்சில் குடிக்காதீர்கள், பொது இடத்தில் குடிப்பது குற்றம்.

அப்பாவுக்கு 'குவார்ட்டர் பீன்ஸ் பன்னி' சொல்லுங்கள். பெயர்தான் பன்னி (bunny), முயலும் கிடையாது, எந்தக் கறியும் கிடையாது; கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் குழம்பு ஊற்றித் தருவது. மேலே வைத்திருக்கும் ரொட்டித் துண்டைத் தொட்டுச் சாப்பிட்டபடி மேலிருந்து கீழே வரவேண்டும். அடியில் கிள்ளினால் குழம்பு மடியில்தான்.

காலையில் உம்கேனி ரோடு கோயில், பிறகு 1860 பாரம்பரிய மையம்: அந்த வருஷம் நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்து இறங்கிய நம்மவர்கள் கதை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன், காந்தியை ரயிலிலிருந்து வெளியேற்றிய இடம், சுமார் 80 கிலோமீட்டர். அன்றே விமானம் என்றால் அதை விட்டுவிடுங்கள். விமான நிலையம் ஊருக்கு வடக்கே 35 கிலோமீட்டர், எதிர்த்திசை.